போமற் அடித்த பிறகும் போகாதது

வீட்டுக் கணினி – 9

யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கணினி சீரில்லாமற் போனால் அநேகமாகக் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "போமற் அடிச்சு விடுவம்." கடைக்காரர் சி டிரைவை அழித்து, விண்டோசைப் புதிதாக ஏற்றி, வைரஸ் கார்ட் ஒன்றும் போட்டுத் தருவார். சில நாள் நன்றாக ஓடும். பிறகு கூகிளில் தேடினால் முன்பின் தெரியாத தளம் திறக்கும். திரையின் மூலையில் விளம்பரம் முளைக்கும். "பழையபடி வந்திட்டுது அண்ணை" என்று திரும்பவும் கடைக்குப் போகவேண்டி வரும்.

இப்படி விடாப்பிடியாக வரும் உளவு மென்பொருளை அழிக்கவே முடியாது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நாங்கள்தான் அதைத் திரும்ப உள்ளே ஏற்றுகிறோம் என்பதே என் எண்ணம். எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு பெரிய வாசல்கள் உண்டு: கிராக் விண்டோஸ், பென் டிரைவ்.

காசு கொடுக்காமல் விண்டோசை இயக்கவைக்கும் 'அக்டிவேட்டர்' பலவும் ஓடுவதற்கு முன் வைரஸ் கார்டை நிறுத்தச் சொல்லும். அதோடு நிற்காது. தான் இருக்கும் போல்டரைச் சோதிக்கவேண்டாம் என்று விலக்குப் பட்டியலில் சேர்க்கவும் சொல்லும், அல்லது தானே சேர்த்துக்கொள்ளும். வைரஸ் கார்டைப் பிறகு இயக்கினாலும் அந்த விலக்கு அப்படியே கிடக்கும். அதனால் எத்தனை முறை ஸ்கான் செய்தாலும் 'ஆபத்து எதுவும் இல்லை' என்றே பதில் வரும். 'விண்டோஸ் செக்கியூரிட்டி'யைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் இருக்கும் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்ற இடத்தை இன்றைக்கே பாருங்கள். நீங்கள் சேர்க்காத பெயர் இருந்தால் நீக்கிவிட்டு மறுபடி ஸ்கான் செய்யுங்கள்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சலான விடயம் ஒன்று உண்டு. விண்டோசோடு விற்கப்பட்ட மடிக்கணினிகளில், சுமார் 2012க்குப் பிறகு வந்த பெரும்பாலானவற்றின் மதர்போர்டிலேயே உரிமச் சாவி பதிந்திருக்கும். அதே பதிப்பை மீண்டும் ஏற்றி இணையத்தில் இணைத்தால் விண்டோஸ் தானாகவே உரிமம் பெற்றுவிடும், கிராக் தேவையே இல்லை. காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டே எத்தனையோ வீடுகளில் கிராக் விண்டோஸ் ஓடுகிறது. கடைக்குக் கொடுக்கும்போது "கிராக் போடாதேங்கோ, இதுக்கு லைசன்ஸ் இருக்கு" என்று ஒரு வசனம் சொன்னால் போதும்.

அடுத்தது பென் டிரைவ். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போட் கொப்பி, காணி உறுதி எல்லாம் பிரிண்ட் எடுப்பதற்காகக் கொமினிகேசன் கடைக் கணினிக்குள் போய்வருகின்றன. வீட்டுக்கு வந்து திறந்தால் போல்டர்கள் எல்லாம் சோர்ட்கட் ஆகிக் கிடக்கும். அதைச் சொடுக்கினால் உளவு நிரல் ஓடும், கூடவே உங்கள் போல்டரும் திறக்கும். அதனால்தான் சந்தேகம் வருவதில்லை. கோப்புகள் அழிந்திருப்பதும் அரிது. மறைக்கப்பட்டு, சிலவேளை பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் இருக்கும். மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றி, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பென் டிரைவை போமற் செய்யுங்கள்.

சோர்ட்கட் வைரசைச் சின்னத் தொல்லையாக நினைக்கக்கூடாது. இந்த வகையில் பேர்போன ஒன்று 'அன்ட்ரோமீடா'. 2017 நவம்பரில் ஐரோப்பிய, அமெரிக்கப் பொலிசார் சேர்ந்து அதன் வலையமைப்பை முடக்கினார்கள். கதை அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அது தொடர்புகொள்ளும் பழைய இணைய முகவரிகள் காலாவதியானபோது வேறு சிலர் அவற்றைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள். பென் டிரைவ் மூலம் தொற்று ஏற்பட்ட உக்ரேனியக் கணினிகள் அவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கின. அவர்கள் ரஷ்யாவோடு தொடர்புபடுத்தப்படும் 'துர்லா' என்ற உளவுக் குழுவாக இருக்கலாம் என்று மாண்டியன்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் எழுதியது. கவனிப்பாரற்றுக் கிடந்த தொற்றுக்கூடப் புது எசமானுக்கு வேலை செய்யும்.

இனி அகற்றும் வேலை. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், டொங்கிள் என்றால் கழற்றிவிடுங்கள். பிடிவாதமான உளவு நிரல் பலவேளை தனியாக ஓடுவதில்லை. இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது உடனே எழுப்பிவிடும். கணினி தொடங்கும்போது ஓடவேண்டியவற்றின் பட்டியல், குறித்த நேரத்தில் ஓடும் பணிகள், பின்னணிச் சேவைகள் என்று பல இடங்களில் தன் பெயரை எழுதியும் வைத்திருக்கும். இவ்வளவையும் ஒரே சாளரத்தில் காட்டும் இலவசக் கருவி மைக்ரோசொப்ட் தரும் 'ஓட்டோரன்ஸ்'. அதை இன்னொரு சுத்தமான கணினியில் இறக்கிக் கொண்டுவாருங்கள். மைக்ரோசொப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிட்டால் பட்டியல் சுருங்கிவிடும். சந்தேகமானதை அழிக்காமல் அடையாளத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். பிழையாக இருந்தால் திரும்பப் போடலாம்.

பிறகு 'டிஃபென்டர் ஒப்லைன் ஸ்கான்'. இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே இது ஓடுவதால் உளவு நிரலும் அந்த நேரத்தில் இயங்குவதில்லை. ஒளியவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஏறக்குறைய கால் மணித்தியாலம் எடுக்கும்.

பிரவுசரை மறக்கவேண்டாம். குறோமில் ஒட்டிய தீய எக்ஸ்ரென்ஷன் கூகிள் கணக்கோடு ஒத்திசைந்திருந்தால், போமற் அடித்த கணினியில் நீங்கள் உள்நுழைந்ததுமே அதுவும் வந்து இறங்கும். "திரும்பி வந்திட்டுது" என்ற கதைகளில் ஒரு பகுதி இதுதான். தமிழ் தட்டச்சுச் செயலிகளையும் ஒருக்கால் பாருங்கள். பாமினி முறையில் அடிப்பதை யூனிகோடாக மாற்றும் செயலி, நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்தே வேலை செய்யும். விசைகளைத் திருடும் நிரலும் அதே வழியைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே ஏற்றுங்கள், நண்பரின் பென் டிரைவிலிருந்து ஏற்றாதீர்கள்.

இவ்வளவுக்கும் போகாவிட்டால் முழுதாக அழித்துப் புதிதாக ஏற்றுவதே வழி. மைக்ரோசொப்ட் தளத்தில் கிடைக்கும் கருவியால், சுத்தமான கணினியில், 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோசை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், கணினி இடம்கொடுத்தால் 11ஐயே போடுங்கள்.

கடவுச்சொற்களை அதே நாளில் மாற்றவேண்டும். தொற்றிய கணினியிலிருந்து மாற்றவே கூடாது. முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் சாவியெல்லாம் அதற்குள்தான். அடுத்தது வங்கி, அதன் பிறகு முகநூல். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் அழுத்துங்கள். திருடப்பட்ட குக்கி இருந்தால் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வரலாம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினருக்கும் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், உங்கள் பெயரில் அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி வந்தால் உங்களை அழைத்துக் கேட்கும்வரை அனுப்பவேண்டாம் என்று.

அடுத்த வாரம்: ரவுட்டருக்குள் மாற்றப்படும் டிஎன்எஸ் முகவரிகள்.