விழுந்த வண்டியும் தூக்கும் கைகளும்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றாலே வயலும் நீரும் நம்மை எதிர்கொள்கின்றன. மாரிக்காலத்தில் கிட்டங்கித் தாம்போதியும் மாவடிப்பள்ளி வீதியும் வெள்ளத்துள் மூழ்குவதை இப்பகுதியார் நன்கறிவர். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டதையும், இளம் மாணவர் சிலர் உயிரிழந்ததையும் எண்ணுந்தோறும் நெஞ்சு பதைக்கின்றது.

இத்தகைய வேளைகளில் முதற்கடமை மனிதரைத் தேடுதலே. வெள்ளம் வடிந்த பின்னர் எஞ்சுவது வண்டி. அதனைத் தூக்கி லொறியில் ஏற்றும்போது ஊரே திரண்டு வருவது நம்மவர் இயல்பு. உதவும் உள்ளம் போற்றத்தக்கதே; ஆயினும் அதே இடத்தில் இரண்டாவது விபத்தொன்று நேரலாகாது அன்றோ? உடைந்த வண்டி ஒருநாள் காத்திருக்கும். அதனடியில் நசுங்கிய உயிரோ மீளாது.

முதலில் அறிய வேண்டியது பாரத்தின் அளவு. சேற்றில் புதைந்த வண்டி தன் சொந்த நிறையோடு மட்டும் நிற்பதில்லை. அதனுள் தேங்கிய நீரில் ஒரு கன மீற்றர் 1000 கிலோகிராம் நிறையுடையது. ஈரமணலோ அதனினும் பாரமானது. அன்றியும் சேறு வண்டியைக் கீழ்நோக்கிப் பற்றி இழுக்கும். எனவே கதவுகளைத் திறந்து நீரை வடியவிட்டு, சக்கரங்களைச் சுற்றிய சேற்றை அகற்றிய பின்னரே தூக்கத் தொடங்குதல் வேண்டும். பற்றரியின் தொடர்பைத் துண்டிப்பதும், பெற்றோல் ஒழுகுகின்றதா எனப் பார்ப்பதும், அருகில் எவரும் பீடி சிகரெட் பற்றவைக்காது தடுப்பதும் அதற்கு முற்பட்ட காரியங்கள்.

அடுத்தது கயிறு. இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். 3 தொன் நிறையுள்ள வண்டியை ஒரே கொளுக்கியிலிருந்து இறங்கும் இரு கம்பிக் கயிறுகளால் தூக்குவதாகக் கொள்வோம். கயிறுகள் நேர்செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் 1.5 தொன் தாங்கும். அவை கிடைமட்டத்துக்கு 60 பாகைச் சரிவில் நின்றால் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1.73 தொன் இழுவிசை விழும். 30 பாகைக்குத் தாழ்ந்துவிட்டாலோ, ஒவ்வொரு கயிறும் முழு 3 தொன்னையும் தாங்க வேண்டியதாகின்றது! வண்டி மாறவில்லை, கயிறும் மாறவில்லை, சரிவு ஒன்றே மாறியது. குட்டையான கயிற்றை அகலப் பரப்பிக் கட்டுவதன் ஆபத்து இதுவே. நீண்ட கயிறே பாதுகாப்பானது. நான்கு கயிறு கட்டினாலும் பாரம் முழுவதும் இரண்டின் மீதே விழக்கூடும் என்று எண்ணிக் கணக்கிடுவதே அறிவுடைமை.

கயிற்றைப் பம்பரிலோ கதவுச் சட்டத்திலோ கட்டலாகாது. அச்சிலோ, செசி எனப்படும் அடிச்சட்டத்திலோ கட்டுதல் வேண்டும். கூரிய விளிம்பில் கயிறு உராயுமிடத்தில் பழைய டயர்த் துண்டை வைத்தால் அறுபடாது. பெக்கோ இயந்திரத்தின் வாளிப் பற்களில் சங்கிலியை மாட்டித் தூக்கும் வழக்கம் மிக அபாயமானது. சங்கிலி எக்கணமும் வழுகிவிடும்.

நமது கரையோர மண்ணோ பெரும்பாலும் மணல். பாரந்தூக்கியின் கால்கள் அதிற் புதைந்தால் இயந்திரமே சரிந்துவிடும். ஆதலால் ஒவ்வொரு காலின் கீழும் தடித்த அகலப் பலகைகளை அடுக்குதல் அவசியம். அண்ணாந்து பார்த்து மின்கம்பிகள் எங்கே செல்கின்றன என்பதையும் கவனித்தல் வேண்டும்.

கரைவலை இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுக்க, ஏனையோர் அக்குரலுக்கு இசைந்தே இழுப்பதை நாம் கண்டிருக்கின்றோம். பாரந்தூக்கும் இடத்திலும் சைகை காட்டுபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். ஆனால், “நிறுத்து!” என்னும் சொல்லை மட்டும் எவர் கூறினும் சாரதி உடனே நிறுத்தக் கடவர். முதலில் ஒரு சாண் உயரமே தூக்கி, சற்றுப் பொறுத்து, கட்டு இறுகியுள்ளதா, வண்டி ஒருபுறம் சாய்கின்றதா எனப் பார்த்தபின் மேலே செல்லலாம். சாய்ந்தால் கையால் தள்ள முற்படலாகாது. இறக்கி மீண்டும் கட்டுவதே முறை. அந்தரத்தில் ஆடும் வண்டியை நீண்ட கயிற்றினால் தூரத்தில் நின்றே திருப்ப வேண்டும். அதனடியில் எவரும் புகலாகாது. கழன்று விழுந்த ஒரு செருப்பை எடுப்பதற்குங்கூட!

லொறித் தட்டில் இறக்கியதும் வேலை முடிந்ததென்று எண்ணுதல் தவறு. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, நான்கு மூலைகளிலும் இறுகக் கட்டுதல் வேண்டும். சில கிலோமீற்றர் சென்றதும் லொறியை நிறுத்திக் கட்டுகளை மறுபடி பரிசோதித்தல் நன்று. குலுக்கலில் அவை தளர்வதுண்டு. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை நாமறிந்ததே. கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசுதல் நமக்கு அழகன்று.

கராஜில் வேலை செய்யும் இளைஞன் ஒவ்வொருவனுக்கும் வீட்டிலே ஓர் உம்மா சோறு போட்டுக் காத்திருக்கிறாள். வண்டி பத்திரமாக லொறியில் ஏறியதா என்பதை முதலாளி கேட்பார். மகன் பத்திரமாக வந்தானா என்பதே அவள் கேட்கும் கேள்வி. தூக்கும் கைகள் இரண்டாவது கேள்வியை முதலில் நினைக்குமாயின், முதற் கேள்விக்கும் நல்ல விடையே கிடைக்கும்.