வயிற்றில் குடியேறியவர்கள் – 9: துணி வியாபாரியின் கடிதம்

14 நாளைத் தாண்டிய பேதியைச் சாதாரணப் பேதியாக நினைக்கக் கூடாது என்று போன வாரமே சொல்லியாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மருந்து என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நடுவில் ஒரு கடிதம் புகுந்துவிட்டது. எழுதப்பட்ட ஆண்டு 1681.

எழுதியவர் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லூவன்ஹாக். தானே தேய்த்த லென்ஸ் வழியாகக் கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்தவர். வயிறு கலங்கிய நேரத்தில் தன் மலத்தையும் விடவில்லை. உள்ளே தட்டை வயிறும் குட்டிக் கால்களுமாகச் சிறு பிராணிகள்! லண்டன் ராயல் சொசைட்டியின் ராபர்ட் ஹூக்குக்கு நவம்பரில் எழுதிப் போட்டுவிட்டார். அவர் பார்த்தது ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்பதுதான் இன்றைய கணிப்பு. அந்தக் ‘கால்கள்’ அதன் எட்டுக் கசையிழைகள்.

என்னைத் துள்ள வைத்தது அவருடைய இன்னொரு குறிப்பு. மலம் வழக்கம்போல் கெட்டியாக இருந்தால் பிராணி தென்படவில்லை, இளகியபோதுதான் தென்பட்டது என்கிறார். எவ்வளவு சரி! சிறுகுடலில் ஒட்டி வாழும் ஜியார்டியா, பேதி வேகத்தில் நீந்தும் கோலத்திலேயே வெளியே வந்துவிடும். மலம் நிதானமாக இறங்கினால் வழியிலேயே ஓடு கட்டி, அசையாத ‘சிஸ்ட்’ ஆகிவிடும். தண்ணீராகப் போன மலத்தைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டும் என்று லேபில் சொல்வது இதனால்தான்.

ஜியார்டியா மலத்தில் தினமும் வெளிப்படாது என்பது இன்னொரு தொல்லை. ஒரு மோஷன் டெஸ்டில் ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். வெவ்வேறு நாளில் 3 முறை பார்க்க வேண்டும். ஆன்டிஜென் டெஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

இருபது வயதுப் பையன், மூன்று வாரப் பேதி, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஏப்பம், எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம், காய்ச்சலோ ரத்தமோ இல்லை என்றால் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் தேட வேண்டியது வேறு. எடை இறங்கிக்கொண்டே போனால் எச்ஐவி, குடல் காசநோய் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

இது தண்ணீர் வழியாகவும் தொற்றும். 1970களில் லெனின்கிராடுக்குச் சுற்றுலா போன வெளிநாட்டினர் பலர் குழாய்த் தண்ணீரைக் குடித்து, இதே பேதியோடு ஊர் திரும்பினார்கள். குளிர்ந்த நீரில் சிஸ்ட் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளோரினுக்கும் லேசில் மசியாது. கொதிக்கவைத்தால் தீர்ந்தது.

மருந்தா? பெரும்பாலும் டினிடசோல், பெரியவர்களுக்கு 2 கிராம், ஒரே வேளை, சாப்பாட்டோடு, டாக்டர் எழுதிக் கொடுத்து. வாய் கசக்கும். அடுத்த 3 நாள் மது தொடக் கூடாது. மெட்ரோனிடசோல் என்றால் 5 முதல் 7 நாள். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, பேதி நின்றதும் விட்டுவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கிருமியும் சாகாது, அதற்கப்புறம் டெஸ்டிலும் சிக்காது.

மருந்து கேட்டு, கிருமியும் போன பிறகு, பால் குடித்தால் மட்டும் சிலருக்கு மறுபடி வயிறு கலங்குகிறதே, அது அடுத்த வாரம்.

(தொடரும்)