யாருடைய சட்டம்? தவ்ஃபீக் அல்-ஹகீமின் நாவல் எழுப்பும் வினா

நவீன அரபு நாடகத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் தவ்ஃபீக் அல்-ஹகீம் (மறைவு 1987) சட்டம் பயின்றவர் என்பதைப் பலர் அறியார். கெய்ரோவில் சட்டப் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகப் பாரிஸ் சென்ற அவர், நாடக அரங்குகளில் மனத்தைப் பறிகொடுத்து, முனைவர் பட்டம் பெறாமலேயே 1928இல் தாயகம் மீண்டார். பின்னர் எகிப்தின் கிராமப்புறங்களில் ‘நாயிப்’ எனும் அரசு வழக்குரைஞராகப் பணியாற்றினார். குற்றத்தைப் புலனாய்வதும், நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவதும் ஆகிய இரண்டுமே அப்பதவியின் பொறுப்புகள். அந்த அனுபவத்தின் விளைவே 1937இல் வெளிவந்த ‘யவ்மிய்யாத்து நாயிபின் ஃபில் அர்யாஃப்’ (நாட்டுப்புற வழக்குரைஞரின் நாட்குறிப்பு) எனும் நாவல்.

கமருத்தவ்லா என்பவர் சுடப்படுவதோடு கதை தொடங்குகிறது. எனினும், கொலையாளி யார் என்பதைவிட, நீதிமன்றத்தில் நாள்தோறும் நிகழ்வதே ஆசிரியரின் உள்ளத்தை உறுத்துகிறது. கால்வாயில் துணி துவைத்தான் என்று ஓர் ஏழை நிறுத்தப்படுகிறான். வேறெங்கே துவைப்பது என்ற அவனது வினாவுக்கு நீதிபதியிடம் விடையில்லை. மற்றொருவன் தன் நிலத்தில் விளைந்த கோதுமையைத் தன் குடும்பத்தோடு உண்டவன். அது ஜப்தி செய்யப்பட்டிருந்ததால் அவன் குற்றவாளியாகிறான்.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1883இல் எகிப்தில் நிறுவப்பட்ட தேசிய நீதிமன்றங்களுக்கான சட்டத் தொகுப்புகள் பிரெஞ்சுச் சட்டங்களைத் தழுவி அமைக்கப்பட்டவை. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அவை உழவர்களுக்குப் புரியாப் புதிராகவே இருந்தன. மக்கள் சட்டத்தை அறியவில்லை. சட்டமும் மக்களை அறியவில்லை.

இங்கே நம் ஃபிக்ஹு மரபு நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 18இல் கடும் பஞ்சம் நிலவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். பசித்தவனின் நிலையைக் கருதாமல் தண்டிப்பது நீதியாகாது என்பதே அதன் உட்பொருள். தன் கோதுமையையே உண்டு சிறை செல்லும் உழவனை அந்நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உள்ளம் கனக்கிறது.

ஆயினும், அந்நியச் சட்டம் தீது, நம்முடையது நன்று என்று கூறி நாம் அமைதி கொள்வதற்கு இந்நாவல் இடந்தரவில்லை. அதில் வரும் ஒரு நீதிபதி, கெய்ரோ திரும்பும் பதினொரு மணி ரயிலைப் பிடிப்பதற்காக வழக்குகளை விரைந்து முடிக்கிறார். கோபமுற்ற நிலையில் தீர்ப்பளிக்கலாகாது என்பது நபிமொழி. பசி, தாகம், கவலை, உறக்கம் எனச் சிந்தனையைக் குலைக்கும் அனைத்துக்கும் ஃபுகஹாக்கள் அவ்விதியை விரித்துரைத்தனர். ரயிலைப் பிடிக்கும் அவசரமும் அதில் அடங்காதா? சட்டநூலை மாற்றிவிட்டு அந்த அவசரத்தை மாற்றாவிடில், உழவனுக்குக் கிடைப்பது அதே தீர்ப்புத்தான்.

இறுதியில் ரீம் எனும் இளம்பெண் கால்வாயில் பிணமாக மீட்கப்படுகிறாள். கொலை வழக்கோ, ‘குற்றவாளி அறியப்படாதவர்’ என்ற குறிப்புடன் முடிக்கப்படுகிறது. அக்கோப்பை முடித்துவைப்பவர் வேறு யாருமல்லர், அநீதிகளையெல்லாம் நமக்கு எடுத்துரைத்த அந்த நாயிபேதான். அநீதியைக் கண்டறிந்தவனும் அதன் எழுத்தராகவே தொடர நேரும் அவலத்தை ஹகீம் மறைக்கவில்லை. பிறரைக் குற்றஞ்சாட்டுமுன், தம்மையும் கூண்டில் நிறுத்திய அந்த நேர்மையே இந்நாவலிலிருந்து நாம் பெறவேண்டிய முதற்பாடம்.