ஊசி குத்திய கை

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு ஒன்று மறக்காது. அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் 70 வளைவுகள். குழந்தைகள் எண்ணிக் கொண்டே வருவார்கள். பாதி வழியில் எண்ணுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக் கொள்வார்கள்!

நாம் சொல்லப் போவது வேறு ஓர் ஊசியைப் பற்றி. ஆபரேஷன் அறையில் நர்சின் விரலில் குத்தும் ஊசி அது. ஆனால் கதை இந்த மலையில்தான் தொடங்குகிறது.

மலையில் வளர்ந்த டாக்டர்

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலப் பாதிரியாரும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறினார்கள். அப்போது பஸ் ஏது? ரோடு ஏது? நடந்துதான் ஏற வேண்டும். பாதிரியாருக்கு ஓரளவு வைத்தியம் தெரியும். பல் பிடுங்குவார். புண்ணைக் கழுவிக் கட்டுவார். காலில் புகுந்த நரம்புச் சிலந்திப் புழுவை மெல்ல மெல்ல வெளியே இழுப்பார்.

1914-ல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் பால். தகப்பனார் செய்த வைத்தியத்தைப் பார்த்தே வளர்ந்தான். இரத்தமும் சீழும் அவனுக்குப் பிடிக்கவில்லை! 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929-ல் தகப்பனார் மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். மகன் முதலில் கட்டிட வேலை கற்றான். பிறகுதான் மனம் மாறி டாக்டருக்குப் படித்தான்.

அவர்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். உலகமே அவரிடம் அந்த வித்தையைக் கற்றது.

ஓர் இரவு

அந்தக் காலத்தில் தொழுநோய் என்றாலே மக்கள் நடுங்குவார்கள். டாக்டருக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தது.

ஒரு சமயம் அவர் இங்கிலாந்துக்குப் போயிருந்தார். நெடுநேரம் ரெயிலில் உட்கார்ந்து பயணம் செய்து லண்டன் வந்து சேர்ந்தார். இரவு காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை! தொழுநோயின் முதல் அடையாளம் உணர்ச்சி போவது. இது அவருக்குத் தெரியாததா? இரவெல்லாம் தூக்கம் இல்லை. மனைவி என்ன ஆவாள், பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று தவித்தார்.

பொழுது விடிந்தது. மறுபடியும் குத்தினார். "ஆ!" என்று அலறினார். வலித்தது! ஒரே இடத்தில் உட்கார்ந்ததால் கால் மரத்துப் போயிருந்தது. அவ்வளவுதான். அந்த வலியைப் போல் இன்பம் தந்தது வேறு இல்லை என்று எண்ணி மகிழ்ந்தார்.

டாக்டரின் பயம் ஓர் இரவில் தீர்ந்தது. ஆபரேஷன் அறை நர்சுக்கு ஊசி குத்தினால் அந்தப் பயம் மூன்று மாதம் நீடிக்கும்.

கத்தி எடுத்துக் கொடுக்கும் கை

ஆபரேஷன் மேஜைக்கு அருகில் நிற்கும் நர்சின் வேலை என்ன? டாக்டர் கை நீட்டியதும் கத்தியைக் கொடுக்க வேண்டும். கத்தரியைக் கொடுக்க வேண்டும். தையல் ஊசியைக் கோத்துக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும்போது எல்லாவற்றிலும் இரத்தம் இருக்கும். டாக்டரின் கண் நோயாளியின் வயிற்றில் இருக்கும். அவர் நீட்டும் ஊசி எங்கே வருகிறது என்று அவர் பார்ப்பதில்லை. நர்சுதான் பார்க்க வேண்டும். கணநேரம் தவறினால் "சுருக்"!

குத்துவது சின்ன ஊசிதான். ஆனால் நோயாளியின் இரத்தத்தில் நோய்க் கிருமி இருந்தால்? எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் 1986-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கிருமி உள்ள ஊசி 1,000 தடவை குத்தினால், சுமார் 3 தடவைதான் நோய் ஒட்டும். இதைவிடப் பொல்லாதது கல்லீரலைக் கெடுக்கும் 'பி' வகை மஞ்சள் காமாலை. தடுப்பூசி போடாதவரை அந்த ஊசி 100 தடவை குத்தினால், 6 முதல் 30 தடவை வரை நோய் ஒட்டலாம். ஆனால் இதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றும் போட்டால் காவல்.

72 மணி நேரம்

குத்திவிட்டது. என்ன செய்வது? விரலை வாயில் வைத்துச் சப்பக் கூடாது. பிதுக்கக் கூடாது. காரமான மருந்தை ஊற்றக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பிறகு இரத்தப் பரிசோதனைகள். மூன்று மாதம் என்று சொன்னது இதனால்தான்.

மலையில் வேலை பார்க்கும் நர்சை நினைத்துப் பாருங்கள். மாத்திரை கையிருப்பில் இல்லை என்றால், 70 வளைவுகளையும் இறங்கி வர வேண்டும். ராத்திரி என்றாலும் இறங்கத்தான் வேண்டும்.

ஆனால் பலர் வாயே திறப்பதில்லை. கவனக்குறைவு என்று திட்டுவார்களோ என்ற பயம். கல்யாணம் ஆகாத பெண் என்றால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். விரலைக் கழுவிக் கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மணி நேரம் ஓடிவிடுகிறது. ஊசி குத்துவது நர்சின் குற்றமா? பத்து மணி நேரம் நிற்க வைத்து, அவசரப்படுத்தி, பிறகு கவனக்குறைவு என்று சொல்வது நியாயமா?

காதல் தந்த கையுறை

இன்று டாக்டர்கள் எல்லோரும் ரப்பர் கையுறை போடுகிறார்கள். அது எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கரோலைன் ஹாம்ப்டன் என்ற நர்சு இருந்தார். கிருமியைக் கொல்ல அக்காலத்தில் பாதரச மருந்தில் கை நனைக்க வேண்டும். அவர் கைகள் வெந்து புண்ணாகின. வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தார். டாக்டர் ஹால்ஸ்டெட் பார்த்தார். குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி, மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். இது 1889-90 குளிர்காலத்தில் நடந்தது. 1890-ல் இருவரும் கல்யாணம் செய்து கொண்டார்கள்!

நோயாளிக்கும் அது நல்லது என்பது பிறகுதான் விளங்கியது. முதலில் காப்பாற்றியது நர்சின் கையைத்தான். (அந்த ரப்பரே சிலருக்கு அரிப்பையும் மூச்சுத் திணறலையும் தருகிறது. அவர்களுக்கு வேறு பொருளில் செய்த கையுறை கொடுக்க வேண்டும்.)

ஒரு தட்டு போதும்

இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், குத்தும் ஊசியின் இரத்தம் பெரும்பாலும் உறையிலேயே துடைபட்டுப் போகும். இன்னொரு வழிக்குச் செலவே இல்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் ஒரு தட்டில் வைப்பது. "கத்தி" என்று சொல்லி நர்சு வைக்க, டாக்டர் எடுத்துக் கொள்வார். வேலை முடிந்ததும் அதே தட்டில் வைப்பார். ஒரே நேரத்தில் தட்டில் இரண்டு கைகள் இருக்காது. இதற்கு டாக்டரும் உடன்பட வேண்டும். அங்கேதான் சிக்கல்! சில பெரிய டாக்டர்கள் கையை நீட்டியே பழகிவிட்டார்கள்.

ஊசியைத் திரும்ப மூடி போடக் கூடாது. குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். இது 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. ஊழியர்களுக்கு மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. 2017-ம் ஆண்டு எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஊசி குத்திய ஊழியருக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பை ஆஸ்பத்திரி மேல் வைத்திருக்கிறது. தனியார் நர்சிங் ஹோமுக்கும் இது பொருந்தும்.

மயக்க மருந்தின் ஆவி, எக்ஸ்ரே கதிர், கருவிகளை நனைக்கும் மருந்தின் நெடி, நோயாளியைத் தூக்கி முதுகு பிடிப்பது என்று மற்ற ஆபத்துகளும் உண்டு. அவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெண் நர்சு வேலைக்குப் போகிறாளா? சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா என்று இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்.