இலை உதிருமுன்னே வந்துவிட்ட மொட்டு

அக்டோபர் மாத இங்கிலாந்து. குதிரைச் செஸ்நட் மரத்தின் தாழ்ந்த கிளையொன்றை இழுத்துப் பார்த்தால், இலை கழன்ற இடத்தில் அச்சு அசலாக ஒரு குதிரை லாடம் பதிந்திருக்கும். ஆணி அடித்தது போன்ற புள்ளிகள்கூட வரிசையாகத் தெரியும். இலைக்குத் தண்ணீரை ஏற்றியும் அங்கிருந்து சர்க்கரையை இறக்கியும் வந்த குழாய்கள் அறுபட்ட தடம் அது. கிளை நுனியில் பழுப்பு நிற மொட்டு. விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அடுத்த வசந்தத்தின் இலைகள் அதற்குள் மடிந்து கிடக்கின்றன.

அந்த மொட்டு கோடையிலேயே உருவாகிவிட்டது. பழைய இலை விழுந்த பிறகு புதியதற்கு மரம் ஏற்பாடு செய்வதில்லை. ஏற்பாட்டை முடித்துவிட்டுத்தான் இலையை விடுகிறது. பகல் குறையக் குறைய இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. நைட்ரஜனில் பெரும்பகுதியைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது மரம். காம்படியில் மெல்லிய செல் அடுக்கு தளர்ந்து பிரிய, தக்கை போன்ற படலம் காயத்தை மூடிவிடுகிறது.

தோட்டக்காரர்களுக்குக் கை துறுதுறுக்கும் பருவமும் இதுதான். கண்ணெதிரே காய்ந்த குச்சியும் வாடிய பூவுமாக இருந்தால் வெட்டிச் சுத்தம் செய்யத்தானே தோன்றும்? நம்மூரில் இதைக் கவாத்து என்கிறோம்.

வெட்டினால் என்ன ஆகிறது என்பதை 1933-இல் கலிபோர்னியாவில் கென்னத் திமனும் ஃபோல்கி ஸ்கூக்கும் அவரை இனச் செடி ஒன்றில் காட்டினார்கள். நுனியைக் கிள்ளினால் கீழே உறங்கும் பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். கிள்ளிய இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியை வைத்தால் அவை உறக்கத்திலேயே இருந்துவிடும். பக்க மொட்டை எழுப்புவதில் சர்க்கரைக்கும் பங்குண்டு என்று பட்டாணிச் செடியில் நடந்த பிற்கால ஆய்வுகள் சொல்லின. எப்படியானாலும், வெட்டு என்பது செடிக்கு 'எழுந்திரு' என்ற கட்டளை. மிதமான குளிருள்ள இலையுதிர்காலத்தில் அப்படி எழுப்பிவிட்டால், இளந்தளிர் முதல் உறைபனியிலேயே கருகிவிடும்.

அதனால்தான் பிரிட்டனில் ரோஜாவை இப்போது கொஞ்சம் மட்டும் குட்டையாக்குகிறார்கள், குளிர்காலக் காற்று ஆட்டி ஆட்டி வேரைத் தளர்த்திவிடாதிருக்க. முழுக் கவாத்து குளிர் முடியும் தறுவாயில்தான். பிளம், செர்ரி மரங்களில் இப்போது கத்தியே வைக்கக் கூடாது. 'வெள்ளி இலை' நோய்ப் பூஞ்சையின் வித்துகள் ஈரக்காற்றில் அலையும் காலம் இது. புது வெட்டுதான் அவற்றுக்கு வாசல். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்துச் சொன்னது இங்கே முக்கியம். மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிட்டு, மரம் மேலே வளர்கிறது.

கவாத்துக்கும் இறைநம்பிக்கைக்கும் உள்ள உறவு பழையது. யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் கடவுளே திராட்சைத் தோட்டக்காரர். காய்க்கும் கொடியை அவர் என்ன செய்கிறார் என்பதற்கு வரும் கிரேக்கச் சொல்லுக்குத் தூய்மையாக்குதல் என்றும் பொருள் உண்டு. லேவியராகமம் 25 இன்னும் வியப்பானது. ஆறு ஆண்டு கொடியைக் கவாத்து செய்யலாம், ஏழாம் ஆண்டு செய்யக் கூடாது. எபிரேய ஆண்டு பிறப்பதும் இலையுதிர்காலத்தில்தான். அப்படியோர் ஓய்வாண்டு 2021 செப்டம்பரில் தொடங்கியது. அந்த ஆண்டில் மரம் பட்டுப்போகாமல் காக்கும் வெட்டுக்கு யூத மரபு இடம் கொடுக்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் வெட்டுக்கு இல்லை. எந்த வெட்டு காக்கும், எது தூண்டும் என்ற கேள்வியில் சமய அறிஞரும் தாவரவியலாளரும் ஒரே கிளையைத்தான் பார்க்கிறார்கள்.

பெரிய இலை ஹைட்ராஞ்சியாவின் பூங்கொத்துகள் நவம்பரில் காகிதம்போல் காய்ந்து பழுப்பேறிவிடும். அனுபவமுள்ளவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. காய்ந்த கொத்துக்குச் சற்றுக் கீழே, தண்டின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு பருத்த மொட்டுகள். விடியற்காலையில் உறைபனி கொத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும்; அதன் மறைவில் மொட்டுகள் பச்சையாக இருக்கும்.