தொட்டியில் நெளியும் புழு எது?

வடகிழக்குப் பருவமழை சற்றே ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாட்களில், தோட்டத்துத் தொட்டியையும் தறிக்கொட்டகையின் பின்புறம் கிடக்கும் பழைய சாயப் பானையையும் அங்கத்தினர்கள் உற்று நோக்குவார்களாக. நீர் தேங்கிய இடத்தில் பெரும்பாலும் சிறு புழுக்கள் நெளியும். அவை யாவும் ஓரினத்தவை அல்ல. அவற்றால் விளையும் கேடும் ஒரே அளவினதன்று.

வெண்ணிறக் கிண்ணமொன்றில் அந்நீரை மொண்டு, வெளிச்சத்தில் வைத்து, அசைக்காமல் சிறிது பொறுத்திருக்க வேண்டும். மூச்சுவிட மேலே வரும்போது புழு நிற்கும் நிலையே முதல் அடையாளம். நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடையாகப் படுத்திருப்பது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ். அதற்கு மூச்சுக்குழல் கிடையாது. தலைகீழாகச் சாய்ந்து, நீண்டு மெலிந்த குழலை மேல்நீட்டித் தொங்குவது க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் இவ்வினத்துக்குச் சாக்கடையும் கழிவுநீரும் உகந்தவை. தொங்கும் புழுவின் குழல் குட்டையாகவும் தடித்தும் இருந்தால் அது ஏடிஸ் என ஐயுறலாம். இது நாடுவது பெரும்பாலும் தெளிந்த நீரை. நீர் சுத்தமாயிருக்கிறதே என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

டெங்கு, சிக்குன்குனியா ஆகிய இரண்டையும் பரப்புவது ஏடிஸ். சிக்குன்குனியா 1952-இல், இன்று தான்சானியா எனப்படும் நாட்டில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அந்நாட்டு மக்கொண்டே மொழியில் அப்பெயருக்கு உடல் வளைந்துபோதல் என்பது பொருள். 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய அந்நோய், 2006-இல் தமிழகத்தில் மீண்டும் தோன்றிற்று. காய்ச்சல் சில நாட்களில் தணியும். மூட்டுவலியோ மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. மிதிபலகையில் கால் ஊன்ற முடியாத பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் நெசவாளிக்கு அம்மாதங்களில் கூலி ஏது? நாற்று நடக் குனிய இயலாத பொன்னேரி உழவருக்கும் அதே கதிதான்.

ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்துபோனாலும் அவை பல மாதங்கள் உயிருடன் இருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கவிழ்ப்பதோடு நில்லாமல், உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்த்துக் கழுவுதல் அவசியம். நமது வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு 7 முதல் 10 நாட்களே போதும். எனவே வாரம் ஒருமுறை இதனைச் செய்ய வேண்டும்.

தீங்கற்றவையும் உண்டு. அடிச்சேற்றில் நெளியும் செந்நிறப் புழு, கடிக்காத ஒருவகைச் சிறு ஈயின் இளம் பருவம். நம் குருதிக்குச் செம்மை தரும் ஹீமோகுளோபினே அதற்கும் நிறம் தருகிறது. குட்டையில் ஆறு கால்களும் பெரிய கண்களுமாக ஊர்வது தும்பியின் குஞ்சு. கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும் நண்பன் அது! குட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றுவோர் இந்த நண்பனையும் சேர்த்து இழக்க நேரும்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் வாழும் அங்கத்தினர்கள் பழைய டயர்களையும் கவனிக்க வேண்டும். டயரை எப்படிப் புரட்டிப் போட்டாலும் உள்வளைவில் சிறிது மழைநீர் தங்கிவிடும். கூரையின் கீழ் அடுக்கி வைக்கலாம். இடமில்லையெனில் நிறைய மண் நிரப்பிச் செடி வைத்துவிடலாம்.