போர் புகுந்த ஊர்கள் – 7: ஒராதூர் வழக்கு

லிமோழ் நகரிலிருந்து டிராம் வண்டியேறிச் சென்றடையும் தூரத்திலிருந்த ஒராதூர் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தை, 1944 ஜூன் 10, சனிக்கிழமை பிற்பகலில், 'தாஸ் ரைஷ்' என்ற ஜெர்மானிய எஸ்.எஸ். படைப்பிரிவின் துருப்புகள் வளைத்துக்கொண்டு, ஆடவரைக் கொட்டகைகளில் நிறுத்திச் சுட்டுத் தீயிட்டதையும், பெண்களையும் குழந்தைகளையும் மாதாகோவிலுக்குள் அடைத்துக் கொன்றதையும் சென்ற இதழில் விவரித்தோம். மாண்டவர் தொகை நெடுங்காலம் 642 என்றே கணக்கிடப்பட்டு, ஸ்பெயினிலிருந்து அகதியாய் வந்திருந்த ஒரு பெண்ணின் மரணமும் பிற்காலத்தில் நிலைநாட்டப்பட்டதால் 643 ஆயிற்று. மாதாகோவிலில் அடைபட்டவர்களுள், பலிபீடத்தின் பின்னிருந்த ஜன்னல் வழியே குதித்த 47 வயது மாது ஒருத்தி மட்டுமே பிழைத்தாள்.

அந்தக் கொடுமைக்கு நியாயம் கேட்டு 1953 ஜனவரியில் போர்தோ நகர ராணுவ நீதிமன்றம் கூடியபோது, கூண்டில் நின்ற 21 பேரில் எழுவரே ஜெர்மானியர். எஞ்சிய 14 பேரும் அல்சாஸ் மாகாணத்துப் பிரெஞ்சுப் பிரஜைகள் என்று கண்டு தேசமே திகைத்தது. 1940-இல் அல்சாஸைத் தன் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்ட ஹிட்லர் சர்க்கார், 1942 முதல் அவ்விடத்து வாலிபர்களைப் பலவந்தமாய்த் தன் சேனையில் சேர்த்தது. மறுத்து ஓடினவனுடைய குடும்பத்தார் நாடுகடத்தப்பட்டார்கள். அந்த 14 பேரில் ஒருவன்தான் மனமுவந்து சேர்ந்தவன். மற்ற பதின்மூவரும் கட்டாயத்தால் சீருடை அணிந்தவர்கள்.

இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. மாண்டவர்களிலேயே அல்சாஸிலிருந்தும் அதன் அண்டை மாகாணமான லொரேனிலிருந்தும் ஜெர்மானியருக்கு அஞ்சி வந்து குடியேறிய அகதிகள் பலர் இருந்தார்கள். லொரேனிலுள்ள ஷார்லி என்னும் சிற்றூர், அங்கே மடிந்த தன் மக்களின் ஞாபகார்த்தமாகப் பின்னர் ஷார்லி-ஒராதூர் என்றே பெயர் மாற்றிக்கொண்டது. பள்ளியிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரே மாணவனும் லொரேன் அகதிச் சிறுவனே. ஜெர்மானியர் எத்தகையவர் என்று அனுபவத்தில் அறிந்திருந்தபடியால், அவர்களைக் கண்டதும் அவன் ஓட்டமெடுத்தான். அவர்களை அறியாத உள்ளூர்ப் பிள்ளைகளோ வரிசையில் நின்றார்கள்.

பிப்ரவரி 13-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: ஒரு ஜெர்மானியனுக்கும், மனமுவந்து சேர்ந்த அல்சாஸ்காரனுக்கும் மரணம், ஒருவனுக்கு விடுதலை, மற்றவர்களுக்குச் சிறையும் கடுந்தொழிலும். அல்சாஸ் கொதித்தெழுந்தது. தீர்ப்பு வந்து ஒரு வாரத்துக்குள் பாரிஸ் சட்டசபை, 319-க்கு 211 என்ற வாக்கு விகிதத்தில், பலவந்தமாய்ச் சேர்க்கப்பட்ட பதின்மூவருக்கும் பொதுமன்னிப்பு அளித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

துப்பாக்கி முனையில் துப்பாக்கி பிடித்தவனுடைய துர்ப்பாக்கியத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர்களுக்குத் தண்டனையைக் குறைத்திருந்தால் ஒராதூர்வாசிகளும் ஒருவேளை பொறுத்திருப்பார்கள். ஆனால் எவன் சுட்டான், எவன் காவல் மட்டும் நின்றான் என்று தனித்தனியே ஆராய்ந்து நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, ஆராய்ச்சியே இல்லாமல் அனைவருக்கும் பொதுவாக, தேச ஒற்றுமையின் பேரால், அத்தனை அவசரமாக அழித்தது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். ஒற்றுமை வேண்டியதுதான்; அதற்கான விலையைச் செலுத்தும்படி ஏற்கெனவே அனைத்தையும் இழந்த ஊரைத்தானா கேட்பது?

கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. சர்க்கார் அளித்திருந்த கௌரவப் பதக்கங்களைத் திருப்பியனுப்பினார்கள். மாண்டவர்களின் அஸ்திக்காகச் சர்க்கார் கட்டிய மண்டபத்தை நிராகரித்துத் தாமே ஒன்றை எழுப்பினார்கள். ஆதரவாக வாக்களித்த 319 பிரதிநிதிகளின் பெயர்களையும் பலகையில் எழுதி, ஞாபகார்த்தமாக அப்படியே விடப்பட்டிருந்த இடிபாடுகளின் வாயிலில் நிறுத்தினார்கள். 1974 வரை சர்க்கார் பிரதிநிதிகளை நினைவுச் சடங்குகளுக்கு அவர்கள் சேர்க்கவேயில்லை.

இத்தனை வாதங்களுக்கிடையே, அப்படைப்பிரிவின் தலைவனான ஜெனரல் லாமர்டிங் கூண்டில் ஏறவே இல்லை. பிரெஞ்சு நீதிமன்றம் அவன் இல்லாமலே மரண தண்டனை விதித்திருந்தும், அவன் டுசல்டார்ப் நகரில் கட்டட வியாபாரம் நடத்தி, 1971 வரை சௌக்கியமாய் வாழ்ந்தான். மேற்கு ஜெர்மனி அவனை ஒப்படைக்காத கதை அடுத்த வாரம்.